முத்துச்சிப்பியின் செல்லில் ஆற்றலும் சட்டகமும்: தூத்துக்குடி முத்துப்பார்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்தல் மரபு தூத்துக்குடிக் கரையில் 1961ஆம் ஆண்டுச் சலாபத்தோடு நின்றது. அதன்பின் முத்து பற்றிய தேடல் கடலடியிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு இடம்பெயர்ந்தது. முத்துச்சிப்பியின் இளவுயிரி நீந்துவதும், வளர்ந்த சிப்பி ஓட்டை இறுக மூடித் தன்னைக் காத்துக்கொள்வதும், மேலுறைச் செல்கள் முத்தைப் படைப்பதும் ஆகிய மூன்று செயல்களும் இரு புரதக் குடும்பங்களின் கூட்டுறவால் நிகழ்கின்றன. ஒன்று, ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்டிரியப் புரதங்கள். மற்றொன்று, செல்லுக்கு வடிவமும் இயக்கமும் தரும் செல் சட்டகப் புரதங்கள். இக்கூட்டுறவை மூலக்கூறு உயிரியல் கண்டறிந்த வரலாற்றோடு சேர்த்து இக்கட்டுரை விளக்குகிறது. முத்துப்பார்களின் எதிர்காலத்தைக் கணிக்கையில் சிப்பிச் செல்லின் தாங்குதிறனும் ஓர் அளவுகோலாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: முத்துச்சிப்பி, முத்துப்பார், மைட்டோகாண்டிரியா, செல் சட்டகம், டியூபுலின், ஹெச்எஸ்பி60, முத்துப்பை, மன்னார் வளைகுடா.

1. முன்னுரை

பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையின் முத்தைச் சங்கப் பாடல்கள் பலவிடங்களில் போற்றுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் 'எரித்திரியக் கடல் பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்க நூல், கொல்கி என்று கொற்கையைக் குறிப்பிட்டு, அங்குத் தண்டனை பெற்றோரைக் கொண்டு முத்துக்குளித்தல் நடைபெற்றதாகக் கூறுகிறது. கடல் பின்வாங்கி, தாமிரபரணியின் வண்டல் படிந்து, கொற்கை உள்நாட்டு ஊரான பின்னர், முத்து வணிகத்தின் நடுவிடம் காயலுக்கும் பின்பு தூத்துக்குடிக்கும் மாறியது.

இத்துணை நெடிய மரபில் முத்தின் பிறப்புப் பற்றிய விளக்கங்களும் பல. சோதி நாளில் வாய் திறந்த சிப்பிக்குள் விழும் மழைத்துளியே முத்தாகிறது என்பது அவற்றுள் பரவலானது. சங்கு, மூங்கில், கரும்பு, யானைக் கொம்பு முதலியனவும் முத்துப் பிறக்குமிடங்களாகப் பிற்கால நூல்களில் எண்ணப்பட்டன. மணல் துகள் உட்புகுந்து உறுத்துவதால் முத்து விளைகிறது என்னும் கருத்து இன்றும் பாடநூல் படித்தோரிடையே நிலவுகிறது. 1902இல் இலங்கை முத்துப்பார்களை ஆராய வந்த பிரித்தானிய விலங்கியலறிஞர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன், சிப்பியின் உடலில் ஒட்டுண்ணியாகத் தங்கும் நாடாப்புழுவின் இளவுயிரியே முத்துக்குக் காரணம் என்று கருதினார். அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் பொறுப்பேற்று, இக்கரையின் முத்து, சங்கு வளங்களைக் குறித்து விரிவாக எழுதினார்.

மேற்கண்ட விளக்கங்கள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மழைத்துளி, மணல், புழு என முத்தின் காரணத்தை அவை சிப்பிக்கு வெளியேயிருந்து வரும் பொருளில் தேடின. சிப்பியின் செல்லுக்குள் நிகழ்வது என்ன என்னும் வினா பின்னரே எழுந்தது. பார்கள் பற்றிய வினாவும் இத்தகையதே. ஓராண்டு சிப்பிகள் செறிந்திருந்த பார் மறு ஆண்டு வெறுமையாவதும், பல்லாண்டு வெறுமைக்குப் பின் மீண்டும் நிறைவதும் இக்கரையினர் நன்கறிந்த செய்தி. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடைபெற்ற சலாபங்களுக்குப் பின்னர், குளிக்கத் தகுந்த அளவில் பார்கள் மீளவில்லை. அதனால் ஒரு தொழிலும், அதனோடு பிணைந்த பரதவர் வாழ்வின் ஒரு பகுதியும் முடிவுக்கு வந்தன. எனவே சிப்பியின் செல் குறித்த அறிவு ஆய்வாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. இக்கரையின் வாழ்வியலோடும் அது தொடர்புடையது.

2. இரு புரதக் குடும்பங்கள்

விலங்குச் செல்லின் உள்ளே நூற்றுக்கணக்கில் அமைந்திருக்கும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்டிரியா. இழைமணி என்னும் தமிழ்ச்சொல்லும் இதற்கு வழங்குகிறது. உணவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் எலக்ட்ரான்கள் இதன் உட்சவ்விலுள்ள புரதத் தொகுதிகளின் வழியாகக் கைமாறி, இறுதியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. இவ்வோட்டத்தின் விளைவாகச் சவ்வின் ஒருபுறம் புரோட்டான்கள் தேங்குகின்றன. தேங்கிய புரோட்டான்கள் ஏடிபி உருவாக்கி என்னும் புரதத்தின் வழியே திரும்பிப் பாயும்போது, அப்புரதத்தின் ஒரு பகுதி சுழல்கிறது. அச்சுழற்சியால் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. இவ்வியக்கத்தை விளக்கிய பால் போயர், ஜான் வாக்கர் ஆகியோர் 1997ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

மைட்டோகாண்டிரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. ஆயினும் பெரும்பாலான விலங்குகளில் அது 13 புரதங்களுக்கான குறிப்புகளையே தாங்கியுள்ளது. எஞ்சிய நூற்றுக்கணக்கான புரதங்கள் செல் கருவின் குறிப்புப்படி வெளியே உருவாகி, மடிப்பு நீங்கிய நிலையில் சவ்வுகளைக் கடந்து உட்சென்று, அங்கு மீண்டும் உரிய வடிவில் மடிய வேண்டும். இம்மடிப்பு பிழைத்தால் ஆற்றல் உருவாக்கம் தடைப்படும்.

மைட்டோகாண்டிரிய டிஎன்ஏ குறிக்கும் புரதங்களுள் ஒன்று சைட்டோகுரோம் ஆக்சிடேசின் முதலாம் துணையலகு. இதன் மரபணு வரிசையின் ஒரு பகுதி, விலங்கினங்களைப் பிரித்தறியும் பட்டைக் குறியீடாக 2003 முதல் பரவலாகப் பயன்படுகிறது. ஓட்டின் நிறமும் வடிவமும் இடத்திற்கிடம் மாறுபடுவதால் முத்துச்சிப்பியினங்களைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது. ஹெர்ட்மன் காலத்தில் மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ் எனப்பட்ட மன்னார் வளைகுடாச் சிப்பி, பின்னர்ப் பிங்க்டாடா ஃபியூகாட்டா எனப் பெயர் பெற்றது. ஜப்பானில் முத்து விளைவிக்கப்படும் அகோயா சிப்பி இதற்கு மிக நெருங்கிய உறவுடையது என்பதை மரபணுச் சான்றுகள் உறுதி செய்துள்ளன. ஆகவே அச்சிப்பியில் பெற்ற அறிவு தூத்துக்குடிச் சிப்பிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இரண்டாம் குடும்பம் செல் சட்டகப் புரதங்கள். தோணிக்கு ஏராவும் வங்கும் உருவம் தருவதுபோல், செல்லுக்கு இழைகளும் குழல்களும் உருவம் தருகின்றன. ஆயினும் இவ்வுவமைக்கு ஓர் எல்லை உண்டு. தோணியின் சட்டம் ஒருமுறை பொருத்தப்பட்டால் அப்படியே நிற்கும். செல்லின் சட்டகமோ கணந்தோறும் கலைந்து கட்டப்படுவது. ஆக்டின் என்னும் புரதம் நுண்ணிழைகளாகவும், டியூபுலின் என்னும் புரதம் நுண்குழல்களாகவும் கோக்கப்படுகின்றன. இவற்றின் மீது மையோசின், டைனீன், கைனீசின் ஆகிய இயக்கப் புரதங்கள் நகர்கின்றன. அந்நகர்வுக்கு ஏடிபி செலவாகிறது. இரு குடும்பங்களும் சந்திக்கும் இடம் இதுவே.

இவ்வியக்கப் புரதங்களைப் பற்றிய அறிவுக்கு மெல்லுடலிகள் பெரிதும் உதவியுள்ளன. கைனீசின் 1985இல் கணவாயின் பெரும் நரம்பிழையை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டது. கால்சியம் நேரடியாக மையோசினில் பிணைந்து தசையை இயக்கும் முறை, சிப்பியின் உறவினமாகிய விசிறிச் சிப்பிகளின் தசையில் 1970ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று.

3. காந்தளும் டியூபுலினும்: ஒரு புரதத்தின் இருப்பிடம் பற்றிய தேடல்

டியூபுலின் கண்டறியப்பட்ட வரலாற்றில் தமிழ் நிலத்துக்கு நன்கு அறிமுகமான வேதிப்பொருள் ஒன்று இடம்பெறுகிறது. சங்கப் பாடல்கள் விரல்களுக்கு உவமை கூறும் காந்தள், இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என உழவர் அழைக்கும் இச்செடியின் விதையும் கிழங்கும் கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் கொண்டவை. கீல்வாத மருந்தாகப் பயன்படும் இப்பொருளுக்காகவே தமிழ்நாட்டில் இது பயிரிடப்படுகிறது. கால்ச்சிசின் பிரியும் செல்லை இடைவழியில் நிறுத்திவிடும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அது செல்லில் எப்பொருளைப் பற்றுகிறது என்று 1960களில் தேடியபோது, நுண்குழல்களின் அடிப்படைப் புரதம் அகப்பட்டது. 1968இல் ஜப்பானிய அறிஞர் ஹிதேயோ மோரி அதற்கு டியூபுலின் என்று பெயரிட்டார்.

கால்ச்சிசினையும், அதே இடத்தில் பற்றும் பொடோஃபில்லோடாக்சினையும் கருவியாகக் கொண்டு மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு, சட்டகப் புரதத்தைத் தேடிச் சென்று மைட்டோகாண்டிரியப் புரதத்தை அடைந்தது. இந்தியாவில் பயின்று, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மூலக்கூறு உயிரியலறிஞர் ராதே எஸ். குப்தா, சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் இந்நச்சுகளுக்கு அடங்காத மாற்றுருக்களைப் பிரித்தெடுத்தார். நச்சு நுண்குழலைத் தாக்குவதால், நச்சை எதிர்க்கும் செல்லில் மாறியிருக்கும் புரதமும் நுண்குழலைச் சார்ந்ததாக இருக்கும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. சில மாற்றுருக்களில் பி1 எனப் பெயரிடப்பட்ட ஒரு புரதம் மாறியிருந்தது. அதற்குரிய எதிர்ப்பொருளைக் கொண்டு செல்லில் அதன் இருப்பிடத்தைப் பார்த்தபோது மைட்டோகாண்டிரியாக்களே ஒளிர்ந்தன.

1989இல் குப்தாவின் குழு இப்புரதத்தின் முழு வரிசையை வெளியிட்டது. பாக்டீரியாவில் பிற புரதங்கள் மடிவதற்குத் துணைநிற்கும் புரதத்தோடு அது நெருங்கிய ஒப்புமை உடையதாக இருந்தது. அதே ஆண்டில் ஈஸ்ட் செல்லை ஆராய்ந்த வேறொரு குழு, இவ்வகைப் புரதம் பழுதுற்றால் மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழையும் புரதங்கள் உரிய வடிவம் பெறாமற் போவதைக் காட்டியது. வெப்பத்தால் செல்லில் பெருகும் புரதங்களுள் ஒன்றாதலின் இது ஹெச்எஸ்பி60 எனப்பட்டது.

நுண்குழல் நச்சை எதிர்க்கும் செல்லில் மைட்டோகாண்டிரியப் புரதம் ஏன் மாறுகிறது என்னும் முதல் வினா அத்துடன் தீர்ந்துவிடவில்லை. இப்புரதம் மைட்டோகாண்டிரியாவுக்கு வெளியிலும் காணப்படுவதாகக் குப்தாவும் அவரைச் சார்ந்தோரும் பின்னர்ச் சான்று காட்டினர். அதன் பொருள் குறித்து விவாதம் தொடர்கிறது. எனினும் இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஆற்றலும் சட்டகமும் பாடநூலில் இரண்டு இயல்களாக இருப்பினும், செல்லில் அவை தனித்தனியே இயங்குவதில்லை. மைட்டோகாண்டிரியாக்கள் நுண்குழல்களைப் பற்றியே செல்லுக்குள் இடம்பெயர்கின்றன. நுண்குழல்களின் மீது நடைபெறும் பணிகள் மைட்டோகாண்டிரியா தரும் ஏடிபியாலேயே நடைபெறுகின்றன. இவ்வறிவை முத்துச்சிப்பியின் மூன்று நிலைகளில் இனிப் பொருத்திக் காணலாம்.

4. நீந்தும் இளவுயிரி

முத்துச்சிப்பியின் இனப்பெருக்கம் கடல்நீரிலேயே நிகழ்வது. ஆண் சிப்பி வெளியிடும் விந்தணு ஒவ்வொன்றிலும் வாலின் அடியில் நான்கு அல்லது ஐந்து மைட்டோகாண்டிரியாக்கள் உருண்டையாகத் திரண்டுள்ளன. வாலின் உள்ளே ஒன்பது இணை நுண்குழல்கள் வட்டமாகவும், நடுவே இரண்டு தனியாகவும் அமைந்துள்ளன. அடுத்தடுத்த இணைகளை டைனீன் என்னும் இயக்கப் புரதம் இழுத்துச் சறுக்கச் செய்வதால் வால் வளைந்து அசைகிறது. டைனீன் என்னும் பெயரை 1965இல் இட்டவர் இயன் கிப்பன்ஸ். ஆற்றலும் சட்டகமும் அருகருகே பொருந்தியதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை.

கருவுற்ற முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் 'டி' எழுத்து வடிவ ஓடுடைய இளவுயிரியாகிறது. அதன்பின் மூன்று வாரங்களளவு அது மிதந்து நீந்தி வாழ்கிறது. நீந்துவதற்கு உதவுவது, முன்புறத்தில் விரியும் மடல்போன்ற உறுப்பின் விளிம்பிலுள்ள குறுஇழைகள். விந்தணுவின் வாலிலுள்ள அதே ஒன்பதும் இரண்டுமான அமைப்பே இவற்றிலும் உள்ளது. நீந்துவது, நுண்பாசியை வாய்க்குச் செலுத்துவது ஆகிய இரண்டும் குறுஇழைகளின் பணி. வளர்ந்த பின்னும் செவுள்களின் குறுஇழைகளே நீரை உள்ளிழுத்து மூச்சுக்கும் உணவுக்கும் வழிசெய்கின்றன.

இம்மூன்று வாரங்களே பாரின் விதியைத் தீர்மானிக்கின்றன. கடல் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமை இளவுயிரிக்கு இல்லை. நீரின் மேலும் கீழும் இடம் மாறும் அளவுக்கே அதன் நீச்சல் பயன்படும். உரிய காலத்தில் பாறைப்பாங்கான தரை அகப்பட்டால் அது பற்றிழை சுரந்து ஒட்டிக்கொள்ளும், அகப்படாவிடின் அழியும். தூத்துக்குடிக்கு எதிரே, ஏறக்குறைய 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், தோலாயிரம் பார் முதலிய பெயர்களால் அறியப்படும் பாறைத்திட்டுகளே அத்தகைய தரை. மணல் பெயர்ந்து பாரை மூடுவதும், திருக்கை, கிளாத்தி முதலிய மீன்கள் இளஞ்சிப்பிகளை உண்பதும் பார் வெறுமையாவதற்குரிய காரணங்களாக ஹெர்ட்மன், ஹார்னெல் காலத்திலேயே குறிக்கப்பட்டன. ஆனால் பார் மீண்டும் நிறைவது, இளவுயிரியின் உடலிலுள்ள ஆற்றல் இருப்பு ஒட்டுமிடத்தை அடையும்வரை தீராதிருப்பதைப் பொறுத்தது. உணவு குறைந்தாலும் நீர் மிகச் சூடானாலும் குறுஇழைகள் இயங்குவதற்கான ஏடிபி வழங்கல் தளர்கிறது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வு மையம் 1981இல் முத்துச்சிப்பியைப் பொரிப்பகத்தில் முட்டையிடச் செய்து, ஒட்டும் பருவம் வரை வளர்த்தெடுத்ததன் பொருள் இதனால் விளங்கும். கடலில் மிகப் பெரும்பாலானவை மடியும் பருவத்தை, நுண்பாசி உணவும் தூய நீரும் அளித்துத் தொட்டியில் கடக்கச் செய்ததே அவ்வெற்றி. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கும் தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு உட்பட்ட அமைதியான நீர்ப்பரப்பும் சிப்பி வளர்ப்பாய்வுக்குப் பயன்பட்டது.

5. மூடிய சிப்பி

சலாபக் காலத்தில் கரைசேர்ந்த சிப்பிகளை அடைப்புகளில் குவித்து, அழுக விட்டு, பின்னரே கழுவி முத்தெடுப்பது மரபு. அழுகும் நாற்றத்தைப் பற்றிப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர். எண்ணற்ற சிப்பிகளைக் கத்தியால் ஒவ்வொன்றாகத் திறப்பதன் அருமையே இம்முறைக்குக் காரணம். சிப்பி அத்துணை இறுக்கமாக மூடிக்கொள்வது எவ்வாறு?

சிப்பியின் இரு ஓடுகளையும் திறக்க முயல்வது கீலிலுள்ள மீள்தன்மையுடைய இணைப்புத்தசைநார். மூடி வைப்பது ஓடுகளுக்கு நடுவேயுள்ள மூடுதசை. இத்தசையின் ஒரு பகுதி விரைந்து மூடுவதற்கும், மற்றொரு பகுதி மூடிய நிலையை நீட்டிப்பதற்கும் உரியவை. மனிதக் கை பளுவைத் தூக்கி நிறுத்தினால், நிறுத்தியிருக்கும் கணந்தோறும் ஏடிபி செலவாகும். சிப்பியின் தசையோ ஒருமுறை சுருங்கியபின் மிகக் குறைந்த செலவில் மணிக்கணக்கில் இறுக்கத்தைக் காக்கும். தாழ்ப்பாள் இட்டதற்கு ஒப்பான நிலை இது. இழைகளைத் தடிக்கச் செய்யும் பாராமையோசினும், இழைகளைப் பிணைத்து வைக்கும் டுவிச்சின் என்னும் பெரும்புரதமும் இந்நிலைக்குத் துணைசெய்கின்றன. நரம்பிலிருந்து செரட்டோனின் வெளிப்படும்போது டுவிச்சினில் பாஸ்பேட் சேர்ந்து பிணைப்பு விடுபடுகிறது, சிப்பி திறக்கிறது.

மூடிய சிப்பி வேறோர் இடரையும் எதிர்கொள்கிறது. உள்ளிருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். முதுகெலும்பிகளின் தசை அந்நிலையில் லாக்டிக் அமிலத்தைத் தேக்கிச் சோர்வுறும். சிப்பியின் மைட்டோகாண்டிரியாவோ ஆக்சிஜன் இல்லாத நிலையிலும் ஓரளவு இயங்கவல்லது. ஆக்சிஜனுக்கு மாற்றாக ஃபியூமரேட் என்னும் சேர்மம் எலக்ட்ரானை ஏற்றுச் சக்சினேட்டாக மாறுகிறது. கிடைக்கும் ஏடிபி குறைவே. ஆயினும் தசையின் தாழ்ப்பாள் நிலைக்குத் தேவைப்படுவதும் குறைவே. சட்டகப் புரதம் செலவைக் குறைக்கிறது. மைட்டோகாண்டிரியப் புரதம் குறைந்த வரவிலும் வாழ வகைசெய்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தேங்கும் அமிலத்தைச் சமன்செய்யச் சிப்பி தன் ஓட்டின் உட்புறத்திலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துக்கொள்கிறது. ஓட்டின் உட்புறம் பளபளக்கும் முத்துப்படலம் இச்சேர்மத்தால் ஆனதே. ஆகவே ஆக்சிஜன் குறைந்த நீரிலும், அடிக்கடி மூடிக்கொள்ளத் தூண்டும் மாசடைந்த நீரிலும் வாழும் சிப்பி, முத்துப்படலத்தை வளர்ப்பதற்குரிய வாய்ப்பை இழப்பதோடு, வளர்த்ததையும் செலவிட நேர்கிறது. முத்து வளர்ப்பில் கருமணியை உட்பொருத்தும் முன் மென்தால் கொண்டு சிப்பியை மயக்கித் தசையைத் தளரச் செய்வதும், கத்தி கொண்டு வலிந்து திறவாமல் இருப்பதும் இத்தசையின் இயல்பறிந்து அமைந்த முறைகளே.

6. முத்துப்பை

ஓட்டின் உட்புறத்தை ஒட்டி விரிந்திருக்கும் மெல்லிய திசு மேலுறை. அதன் புறப்படலச் செல்களே ஓட்டைச் சுரக்கின்றன. இச்செல்கள் சில தம்மிடம் விட்டு உடலின் உட்பகுதிக்குள் பெயர்ந்து, அங்குப் பெருகி, ஒரு பையாகச் சூழ்ந்து, பையின் உள்நோக்கி முத்துப்படலத்தைச் சுரந்தால் முத்து உருவாகிறது. ஒட்டுண்ணியோ காயமோ செல்களின் இப்பெயர்ச்சிக்கு வாய்ப்பளிக்கலாம். ஆனால் முத்தைச் செய்வது உட்புகுந்த பொருளன்று, இடம்பெயர்ந்த செல்லே. மணல் துகள் பற்றிய கருத்து நிறைவற்றது என்பதற்குக் காரணம் இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் வகுத்த வளர்ப்பு முறை இவ்வுண்மையின் மேல் எழுந்தது. ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை மணியோடு, வேறொரு சிப்பியின் மேலுறைத் துண்டு ஒன்றையும் சேர்த்து உடலுக்குள் பொருத்துவதே அதன் நுட்பம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த கே. அழகர்சாமி, தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள வேப்பலோடையில் 1972இல் தொடங்கிய பணியின் பயனாக, 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை மன்னார் வளைகுடாச் சிப்பியில் பெற்றார்.

பொருத்தப்பட்ட மேலுறைத் துண்டின் செல்கள் மணியைச் சுற்றிப் பரவ வேண்டும். பரவும் செல்லின் முன்விளிம்பில் ஆக்டின் இழைகள் இடையறாது நீண்டு செல்லை முன்னோக்கித் தள்ளுகின்றன. பின்புறத்தில் மையோசின் சுருங்கி இழுக்கிறது. செல்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரே படலமாக அமைந்தபின் அவற்றுக்கு மேல், கீழ் என்னும் திசை வேறுபாடு உண்டாகிறது. சுரப்புப் புரதங்களைத் தாங்கிய நுண்பைகள் சட்டகத்தின் இழைகளையும் குழல்களையும் பற்றிச் சென்று, மணியை நோக்கிய பக்கத்தில் உள்ளீட்டை வெளியிடுகின்றன.

சுரக்கப்படும் புரதங்களுள் சிலவற்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் இனங்கண்டனர். 1996இல் விவரிக்கப்பட்ட நாக்ரீன், கார்பன் டைஆக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்றும் நொதியின் பகுதியைத் தன்னுள் கொண்டது. 1997இல் விவரிக்கப்பட்ட எம்எஸ்ஐ60, பட்டுப் புரதத்தை ஒத்த அமைப்புடையது. 2009இல் விவரிக்கப்பட்ட பிஃப், படிகங்கள் முத்துப்படலத்திற்குரிய அரகோனைட் வடிவில் அமைவதற்கு இன்றியமையாதது. இச்சிப்பியின் மரபணுத் தொகுதியின் முதல்வரைவு 2012இல் ஜப்பானிலிருந்து வெளியானது.

முத்துப்படலம் ஏறக்குறைய 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டும் எஞ்சிய சிறுபங்கு புரதம் முதலிய கரிமப் பொருளும் கொண்டது. அதன் தகடு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஈராயிரத்தில் ஒரு பங்கினும் பெரும்பாலும் மெலியது. மணியின் மேல் அரை மில்லிமீட்டர் பருமனுக்குப் படலம் வளர ஆயிரத்துக்கு மேற்பட்ட தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட வேண்டும். அவ்வடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நிகழும் குறுக்கீடே முத்தின் நீரோட்டத்திற்குக் காரணம். அடுக்கு பிசகினால் ஒளி குன்றும். ஆயிரம் அடுக்குகளும் ஒரே சீராக அமைவதற்கு, பல மாதங்கள் இடையறாத ஏடிபி வழங்கல் தேவை. கால்சியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் சவ்வுப் புரதமும் ஏடிபியாலேயே இயங்குகிறது.

இங்கு மைட்டோகாண்டிரியாவுக்கு மற்றொரு பங்கும் உண்டு. கார்பனேட்டுக்குரிய கார்பனில் பெரும்பகுதி கடல்நீரிலிருந்து வருகிறது. ஒரு சிறுபங்கு, செல்லின் மூச்சில் மைட்டோகாண்டிரியா வெளிவிடும் கார்பன் டைஆக்சைடிலிருந்து வருகிறது. முத்தில் சிப்பியின் மூச்சும் சிறிது கல்லாகி உறைந்துள்ளது என்று கூறுவது வேதியியல் அடிப்படையில் பிழையாகாது.

சிப்பியின் உடலுக்கு வெளியே, வளர்ப்புக் கரைசலில் மேலுறைத் திசுவைப் பேணி முத்துப்படலம் சுரக்கச் செய்யும் முயற்சிகளும் தூத்துக்குடி ஆய்வு மையத்தில் மேற்கொள்ளப்பட்டன. தரமான முத்தை வணிக அளவில் தருவதற்குச் செல் பிழைத்திருந்தால் மட்டும் போதாது. திசை மாறாமலும் சோர்வுறாமலும் அது தொடர்ந்து சுரக்க வேண்டும். இவ்வழியிலுள்ள அருமை, மேலே கூறிய இரு புரதக் குடும்பங்களின் ஒத்திசைவைச் செயற்கைச் சூழலில் நெடுநாள் காப்பதன் அருமையே.

7. சூடேறும் கடலும் செல்லின் தாங்குதிறனும்

புரதங்கள் வெப்பத்தால் மடிப்புக் குலையும் இயல்பின. குலைந்த புரதங்களை மீண்டும் மடிக்கவோ அகற்றவோ ஹெச்எஸ்பி60, ஹெச்எஸ்பி70 முதலிய துணைப்புரதங்கள் உதவுகின்றன. அலையேற்ற இறக்கத்தில் வெயிலுக்கும் நீருக்கும் மாறிமாறி ஆட்படும் பசிபிக் உணவுச் சிப்பியின் மரபணுத் தொகுதி 2012இல் வெளியானபோது, அதில் ஹெச்எஸ்பி70 வகை மரபணுக்கள் 88 இருப்பது தெரியவந்தது. சிப்பிகள் இடருக்கு ஆயத்தமாகவே பரிணமித்துள்ளன என்பதற்கு இது சான்று.

ஆயினும் துணைப்புரதங்களின் பணிக்கும் ஏடிபி வேண்டும். வெப்பம் உயர்கையில் உயிரியின் அடிப்படைச் செலவு கூடுகிறது. வெதுவெதுப்பான நீரில் கரையும் ஆக்சிஜனோ குறைகிறது. செல் தன்னைக் காப்பதற்கே ஆற்றலைச் செலவிடுமாயின், இனப்பெருக்கத்துக்கும் ஓட்டின் வளர்ச்சிக்கும் எஞ்சுவது சிறிதாகும். சிப்பி உடனே மடியாமல் போகலாம். முட்டை குறையும், இளவுயிரி மெலியும், படலம் மெல்லிதாகும். கண்ணுக்குப் புலப்படும் அழிவுக்கு முன்பே, பார் நிறைவதற்கான வாய்ப்புத் தேய்ந்துவிடும்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடானதால் வெளிறின. பவளம் வெளிறுவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே நீரில் வாழும் சிப்பியின் செல் தளர்வது தெரிவதில்லை. எனவே பார்களைக் கண்காணிக்கையில், சிப்பிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் செல்நிலையையும் அறிய வேண்டியுள்ளது. செவுளிலோ மேலுறையிலோ வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் அளவு, மூடிய நிலையில் தேங்கும் சக்சினேட்டின் அளவு, குறுஇழைகளின் அசைவு வேகம் ஆகியன ஆய்வுக்கூடத்தில் அளக்கக்கூடியவை. சிப்பி குறையத் தொடங்கும் முன்னரே அவை முன்னறிவிப்புத் தரவல்லன.

பொரிப்பகத்தில் வளர்த்த இளஞ்சிப்பிகளைப் பார்களில் விடும் முயற்சிகளுக்கும் இது பொருந்தும். எத்தனை சிப்பிகள் விடப்பட்டன என்பதைவிட, அவை எந்நிலையில் விடப்பட்டன, அவற்றை ஏற்கும் நீர் எவ்வாறு இருந்தது என்பவையே விளைவைத் தீர்மானிக்கும். ஆற்றல் இருப்புக் குறைந்த இளஞ்சிப்பி பாரில் ஒட்டினாலும் நிலைக்காது.

8. முடிவுரை

முத்தின் காரணத்தை வெளியே தேடிய பழைய விளக்கங்களுக்கு மாறாக, முத்து என்பது இடம்பெயர்ந்த மேலுறைச் செல்களின் படைப்பு என்பதும், அப்படைப்பு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியப் புரதங்களும் வடிவும் இயக்கமும் தரும் செல் சட்டகப் புரதங்களும் ஒத்து இயங்குவதால் நிகழ்கிறது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்பட்டன. இவ்விரு குடும்பங்களும் இளவுயிரியின் நீச்சலிலும், மூடிய சிப்பியின் பொறுமையிலும், முத்துப்பையின் சுரப்பிலும் ஒருங்கே காணப்படுகின்றன. அவை பிரிக்கவொண்ணாதவை என்பதைக் கால்ச்சிசின் வழியே சட்டகத்தைத் தேடி மைட்டோகாண்டிரியாவைச் சென்றடைந்த குப்தாவின் ஆய்வு வேறொரு தளத்தில் காட்டியது.

இக்கரையினரின் பட்டறிவு பார்களின் பெயர்களையும், அவை நிறைந்து வெறுமையாகும் போக்கையும், சிப்பி திறக்கும் வகையையும் தலைமுறைதோறும் காத்துவந்தது. அவ்வறிவு கண்டவற்றுக்குச் செல் உயிரியல் காரணம் கூறுகிறது, அதனைப் பொய்யாக்கவில்லை. இரண்டும் ஒரே மொழியில் சந்திப்பதற்குப் பார், சலாபம், மேலுறை, முத்துப்பை, குறுஇழை முதலிய சொற்கள் தமிழில் ஆயத்தமாக உள்ளன. பார்களின் மீட்சி பற்றிய திட்டங்கள் சிப்பியின் எண்ணிக்கையை மட்டும் இலக்காகக் கொள்ளாமல், அச்சிப்பியின் செல் தாங்கக்கூடிய நீரைக் காப்பதையும் இலக்காகக் கொள்ளுமாயின், 1961இல் நின்ற வரலாறு தொடர்வதற்கு ஒரு வாய்ப்பு உண்டு.